வாசலில் நின்ற ஹவுஸ் ஓனர்

நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. போகாமலேயே அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகத்தை ஏறக்குறைய எழுதி முடித்திருந்தேன். தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் கம்பெனியில், லோடு ஏற்ற லாரி வராத நேரமாகப் பார்த்து, கேண்டீன் மேசையில் சாம்பார் சிந்தாத ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அட்லாண்டிக் கடலின் சாரல் என் முகத்தில் அடிப்பதாக எழுதுவேன். காலையில் கும்மிடிப்பூண்டி பைபாஸில் இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகை தாழ இறங்கி, முன்னால் போகிற பஸ்ஸின் முதுகு தெரியாது. மற்றவர்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நான் அதை மூடுபனி என்று எழுதிக்கொண்டேன். உரைநடைக் கவிதையில் இது ஒரு வசதி. எழுதியதை நுரையீரலிடம் காட்ட வேண்டியதில்லை.

பஜாரில் ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுகிற எங்கள் இலக்கிய வட்டத்தில் எனக்குப் பெயரே ‘அயர்லாந்து’தான். “அயர்லாந்து வந்துட்டாரா? ஃபேனைக் கொஞ்சம் கம்மியா வை, குளுரும்” என்பார்கள். அதில் பாதி கிண்டல் என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியை மரியாதைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

என்னுடைய அயர்லாந்துக்கு ஒரே ஊற்று என் தங்கை. அங்கே மேற்குக் கரையோரம் ஒரு சிறிய ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். வீடியோ காலில் ஜன்னல் பக்கம் போனைத் திருப்பச் சொல்வேன். “இன்னாண்ணா கீது இங்க? மழ. நேத்தும் மழதான்” என்பாள். அந்த ஒரு வரியை வைத்து நான் இரண்டு பக்கம் எழுதிவிடுவேன்.

அவளுக்கு அந்த ஜன்னலே சந்தேகத்தில் இருந்தது. அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் கணவன் ஆர்.கே.பேட்டையில் தன் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு விசா வேண்டுமென்றால் இவளுக்கு அங்கே ஒரு வீடு இருக்க வேண்டும். இருந்த வீட்டின் ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டித்துத் தருவாரா மாட்டாரா என்று ஹவுஸ் ஓனர் பிடி கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஹவுஸ் ஓனர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். கணவரின் கடைசி நாட்களில் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. அந்தப் பழக்கத்தில்தான் வீடே கிடைத்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்ட தகவல் ஒன்று உண்டு. அந்தம்மா கவிதை எழுதுவார். எழுத ஊக்கம் தேடி அடுத்த மாதம் தென்னிந்தியாவுக்குச் சுற்றுலா வருகிறார்.

“ஹோட்டல் வேணாம், எங்க அண்ணன் ஊட்ல தங்குங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள் தங்கை. “நம்ம ஊட்ல நாலு நாள் நல்லா பாத்துக்கினா, அவங்க ஊட்ல நம்மள நாலு வருசம் உட்டு வெப்பாங்க. நீ கவித கிவிதன்னு எதையும் கெடுத்து வெக்காத. அண்ணியாண்ட குடு போனை.”

என் மனைவி தின்பண்டக் கம்பெனி ஒன்றில் பாக்கிங் லைனில் நிற்கிறாள். போனை வாங்கி, “யாரு வந்தாலும் நாம துன்றததான் துன்னணும்” என்று கறாராகச் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று சாயந்திரமே ஆறு பாக்கெட் பிரெட் வாங்கிவந்து அடுக்கினாள். நாங்கள் அதைப் பிறகு பல நாள் உப்புமா செய்து தின்றோம்.

அந்தம்மா வந்து இறங்கினார். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, ஆம்பளைச் செருப்பு. எங்கள் தெரு முனையில் சாக்கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, “எத்தனை உயிருள்ள தெரு” என்றார். அந்த வாடையை அப்படி மூச்சு நிறைய இழுக்க வேண்டுமென்றால் தொழில் தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். நமக்குத் தோதான ஜோடி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் நாள் மனைவி தட்டில் இட்லி வைக்கப்போனாள். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள். ஐயோ வேண்டவே வேண்டாம் என்றார். மூன்றாம் முறை கேட்காமலே வைத்தாள். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுச் சட்னியை வழித்தார். “நம்ம சொந்தக்காரங்க மாதிரியே பிகு பண்ணிக்கினு துன்றாங்க” என்றாள் மனைவி. அவளுக்கு அந்தம்மாவைப் பிடித்துப்போனது அந்த இட்லியில்தான்.

நானும் அவரும் பேசியதை இப்போது நினைத்தால் இரண்டு கடைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் கடன் சொல்லிச் சரக்கு வாங்கப் பார்த்தது போலிருக்கிறது. எனக்கு அவருடைய மழை வேண்டும். அவருக்கு என்னுடைய வெயில் வேண்டும். நான் மூடுபனியைப் பற்றிக் கேட்டேன். “அது ஈரம், வேறொன்றும் இல்லை. துணி காயாது” என்றார். தேவதைகள் குடியிருக்கும் மரங்களைப் பற்றிக் கேட்டேன். “இருக்கிறதாகச் சொல்வார்கள். அதை வெட்டக்கூடாது என்பதால் சாலையை வளைத்துப் போட்டுவிட்டார்கள், என் வீட்டுக்குப் போகச் சுற்று” என்றார். பதிலுக்கு அவர் எங்கள் கம்பெனி ஹாரன் சத்தத்தை, அடுத்த தெரு ஆட்டை, என் மனைவி மாவு கரைப்பதைப் பற்றியெல்லாம் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். நான் பார்த்துச் சலித்த எல்லாமே அவருக்கு ஊக்கமாக இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

திருவாலங்காட்டுக்கு ரயிலில் அழைத்துப்போனேன். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடிய கதையை, குழைத்துக் குழைத்து, நடுவில் இரண்டு இடங்களில் மௌனம் விட்டுச் சொன்னேன். கடைசியில் அவர் காலை உயரத் தூக்கினார், இவள் வெட்கப்பட்டுத் தூக்கவில்லை, அதனால் தோற்றாள் என்று முடித்தேன். அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அது அழுகுணி ஆட்டம்” என்றார். கோயிலை விட்டு வெளியே வரும்வரை அவருக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் நைசாக வீட்டுப் பேச்சை எடுத்தேன். தங்கையின் கணவனுக்கு விசா விஷயம், வீடு அவசியம், நீங்கள் மனசு வைத்தால் என்று இழுத்தேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “பார்ப்போமே” என்றார். “எல்லாம் நடக்கிறபடி நடக்கும், இல்லையா?” பிறகு பிளாட்பாரத்தில் மேய்ந்த ஆட்டைக் காட்டி அதற்குப் பெயர் உண்டா என்று கேட்டார்.

மறுநாளும் கேட்டேன். மறுநாளும் “பார்ப்போமே.” நான் அந்தச் சொல்லில் ஒரு மேற்குக் கரையின் அமைதியை, விதியோடு சிநேகமாக இருக்கும் ஒரு பழைய இனத்தின் ஞானத்தைக் கண்டேன். தங்கையிடம் போனில், “நல்ல தொனியிலதான் சொல்றாங்க” என்றேன்.

“அதே தொனியிலதான் என்னாண்டயும் மாசக்கணக்கா சொல்லிக்கினு கீறாங்க” என்றாள் அவள்.

இப்படியே போயிருந்தால் அந்தம்மா ஊருக்குப் போயிருப்பார், நான் அந்தத் தொனியைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருப்பேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது.

நாலு வீடு தள்ளி இருந்த பெரியவர். ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தெருவில் அவரோடு சண்டை போடாத ஆள் கிடையாது. காலையில் ஐஸ் பெட்டி வந்தது, மேளம் வந்தது, பந்தலில் கானா பாட்டுக்காரர்கள் மைக் கட்டினார்கள். இந்த மாதிரி நாட்களில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து எழுதுவது வழக்கம். மேளச் சத்தத்தில் அட்லாண்டிக் ஒழுங்காக வராது.

அந்தம்மா என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன். உடனே செருப்பைத் தேடினார்.

“எங்கே?”

“சாவு வீட்டுக்கு. நேரமாகிறதே.”

“நமக்கு அவ்வளவு பழக்கமில்லை” என்றேன்.

“அதனாலென்ன? செத்தவருக்கு இனி யாரிடமும் பழக்கமில்லை. எங்கள் ஊரில் இறந்தவரை வீட்டில் வைத்திருக்கும்போது ஊரே போகும். தெரியாதவர்கள்கூடப் போவார்கள். போகாவிட்டால்தான் பேசுவார்கள்.” இதைச் சொல்லிக்கொண்டே பஜார் பக்கம் நடந்தார். வெறுங்கையோடு போகக்கூடாதாம். சாப்பிட ஏதாவது கொண்டுபோக வேண்டுமாம். பேக்கரிக்குள் நுழைந்து, நான் தடுப்பதற்குள், ரோஸ் கலர் கிரீமில் பூ வைத்த கேக் ஒன்றை வாங்கிவிட்டார். கடைக்காரர் மெழுகுவத்தியும் சேர்த்துக் கட்டப்போனார். அதை மட்டும் தடுத்தேன்.

எங்கள் பக்கம் எடுக்கிறவரை சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். அந்த வாசலுக்கு அந்தம்மா கேக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. ஐஸ் பெட்டி மேல் எங்கே வைப்பது என்று பார்த்தவர், கடைசியில் பெரியவரின் மனைவியின் மடியில் வைத்தார்.

அந்தக் கிழவி கேக்கைப் பார்த்தாள், வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தாள், பெட்டிக்குள் பார்த்தாள். “உயிரோட இருந்தப்போ ஒரு பன்னு வாங்கியாந்து குடுத்தவன் கெடையாது” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். “இப்போ பாருய்யா, உனுக்கு கேக்கு வருது.” சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒப்பாரிக்குக் கேக்கும் சேர்ந்துகொண்டது.

அந்தம்மாவுக்கு வேலை முடியவில்லை. அவர்கள் வழக்கப்படி துக்க வீட்டில் எல்லோருக்கும் கைகொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். பெரியவரின் மகன்களில் தொடங்கினார். மேளக்காரர்களுக்குக் கொடுத்தார். மாலை விற்க வந்த பெண்ணுக்குக் கொடுத்தார். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து நீண்ட நேரம் குலுக்கினார். அவர் என்னிடம், “நான் பெட்டி வாடகைக்கு உடுறவன் நைனா, அவங்களாண்ட சொல்லு” என்றார். நான் சொல்லவில்லை. பக்கத்து மூலையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே கவிழ்த்துவிட்டு எழுந்து வரிசையாகக் கையை நீட்டினார்கள்.

கானா பாடுகிறவன் சும்மா விடுவானா? மைக்கைத் தட்டினான்.

“பொட்டியில படுத்திருக்கு பெரிசு, எங்க பெரிசு,
உன்னப் பாக்க ஃபாரின்லேர்ந்து வந்திருக்கு பரிசு.
உசுரோட நீ இருந்தப்போ உள்ளூர்க்காரன் வரல,
ஒடம்பு ஜில்லுனு ஆனப்புறம் ஒலகமே வருது.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. பெரியவரின் மகன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தம்மா அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார், உடனே அழுதார். “எங்கள் ஊரில் இப்படித்தான். செத்தவரைக் கிண்டல் செய்யாமல் அனுப்ப மாட்டோம். நான் இத்தனை தூரம் தேடி வந்தது இதைத்தான்” என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, உதட்டை அசைத்து, எதையோ வரிவரியாக மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த உதட்டசைவு தெரியும். அங்கே ஒரு கவிதை உருவாகிக்கொண்டிருந்தது. என் தெரு, என் பக்கத்து வீட்டுச் சாவு, நான் ஜன்னல் சாத்திய சத்தம், எல்லாம் அவருக்குப் போய்விட்டது. அட்லாண்டிக்கும் என்னிடம் இல்லை.

பெரியவரை எடுத்த பிறகு வீட்டுக்கு நடந்தோம். வாசலில் என் மனைவி ஷிப்ட் முடித்து வந்து நின்றுகொண்டிருந்தாள். பாதி திறந்த கதவில் கையை நீட்டி மறித்திருந்தாள்.

“சாவு ஊட்லேர்ந்து வர்றீங்க. பின்னாடி போயி தலைக்கு ஊத்திக்கினு வாங்க.”

“நான் போறேன். அவங்கள எப்படி…”

“அவங்களும்தான்.”

அந்த நேரம் பார்த்துப் போனில் தங்கை. நைட் டூட்டி முடித்துத் தூங்க வேண்டியவள், தூக்கம் வராமல் கூப்பிட்டிருந்தாள். நிலைமையைச் சொன்னேன். “அண்ணா, அண்ணியாண்ட சொல்லு, இன்னிக்கு ஒரு நாளு உள்ள உடச் சொல்லு. அவங்க ஊட்டுக்கு ஓனரு அவங்க. நாம போயி அவங்கள வாசல்ல நிக்க வெச்சா நல்லாவா கீது?” என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி, “அது அவங்க ஊடு. இது என் ஊடு” என்றாள்.

பேஜாராகிவிட்டது. சொல்ல வேண்டியது நான்தான். அந்தம்மா பக்கம் திரும்பி என் ஆங்கிலத்தைத் திரட்டினேன். எங்கள் மரபில் நீர் என்பது ஒரு கடப்பு, துக்கத்திலிருந்து வாழ்வுக்குத் திரும்பும் ஓர் ஆறு, ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் நாங்கள் அதில் மறுபடி பிறக்கிறோம் என்றேன். அந்தம்மா நெஞ்சில் கை வைத்து, “எவ்வளவு அழகு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார்.

மனைவி கையை இறக்கவில்லை. “இன்னா சொன்னே அவங்களாண்ட?”

“தண்ணிய பத்திதான் சொன்னேன்.”

“குளிக்கச் சொன்னியா இல்லியா?”

“அந்த அர்த்தத்துலதான்…”

“உன் அர்த்தத்துல தீய வெக்க” என்றாள். அந்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் தொட்டியடிக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மதில் மேல் முகம் வைத்தார்கள். நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். உட்காரவைத்து, ஒரு குடம் நிறைய முகந்து, போட்டிருந்த துணியோடு தலையில் கவிழ்த்தாள். அந்தம்மா போட்ட கூச்சல் பைபாஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இன்னாண்ணா அது சத்தம்?” என்றது போன்.

“ஒண்ணுமில்ல. தண்ணி.”

“போச்சு. என் ஊடு போச்சு” என்றாள் தங்கை.

அரை மணி கழித்து, நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது, ஹவுஸ் ஓனர் அம்மா என் மனைவியின் பூப்போட்ட நைட்டியில், தோளில் துண்டோடு, எங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நைட்டி முழங்காலோடு நின்றுவிட்டது. தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. முகத்தில் கோபம் இல்லை. சிறு வயதில் அம்மாவிடம் குளித்தது நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். அதையும் நான் கவிதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மனைவி ரசம் சாதம் வைத்தாள். இந்த முறை அவர் பிகு பண்ணவில்லை. பசி.

போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்தேன். தங்கை வைக்கவே இல்லை. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், “கேளு, எங்க பொண்ணு அந்த ஊட்ல இருக்கலாமா வேணாமா” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். வருங்காலத்தைக் குறித்து உங்கள் உள்ளம் என்ன சொல்கிறது என்பது போல ஏதோ வந்தது. அந்தம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு, “பார்ப்போமே” என்றார்.

மனைவி என்னைத் தள்ளிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பாக்கிங் லைனில் சூப்பர்வைசரிடம் பேசுகிற ஆங்கிலம் அவளிடம் கொஞ்சம் உண்டு. “நோ ஸீ” என்றாள். “ஹவுஸ். எஸ் ஆர் நோ.”

ஃபேன் சுற்றியது. அந்தம்மா விரலில் ஒட்டிய பருக்கையை மெல்லத் தட்டில் தட்டினார்.

“நோ” என்றார்.

கனமான பெட்டியை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். பிறகு நிறுத்தாமல் பேசினார். வீட்டை விற்றாக வேண்டும் என்று மகன் நிற்கிறான். எனக்கும் வயதாகிறது. என் கணவர் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். அவள் முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பேன்? நேரில் முடியவில்லை, போனிலும் முடியவில்லை. அண்ணன் வீட்டிலாவது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீங்களோ இட்லி வைக்கிறீர்கள், கோயிலுக்குக் கூட்டிப்போகிறீர்கள், மூடுபனி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

ஆக, விதியோடு சிநேகமான பழைய இனத்தின் ஞானம் என்று நான் எழுதி வைத்திருந்தது, இல்லை என்று சொல்ல வாய் வராத சங்கடம். அதற்கு மேற்குக் கரை எதற்கு? எங்கள் சொந்தத்தில் பெண் கேட்டு வந்தவர்களை இதே பதிலைச் சொல்லி வருஷக்கணக்கில் அலையவிட்டிருக்கிறார்கள்.

அவர் சொன்னதை இந்தத் தடவை ஒரு பூச்சும் இல்லாமல் மனைவிக்குச் சொன்னேன். அவள் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“விக்கட்டும். அவங்க ஊடு, அவங்க விக்கிறாங்க” என்றாள் மனைவி. “ஆனா இவ புருசன் அங்க போயி சேர்ற வரைக்கும் விக்கக் கூடாது. அத கேளு. நேரா கேளு.”

நேராகக் கேட்டேன். அந்தம்மா, மகனிடம் பேச வேண்டும், அவன் ஒப்புக்கொள்ள வேண்டும், எனவே பார்… என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நிறுத்தினார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. மதில் மேலிருந்த முகங்கள் இப்போது ஜன்னலுக்கு வந்திருந்தன. மகன் என்ன சொல்வான் என்பதை அவர் மனதில் முழுதாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

“எஸ்” என்றார். “அவர் வந்து சேரும் வரை விற்க மாட்டேன். மகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.”

“என்னாண்ட வேணாம். டெல் ஹர்” என்று மனைவி போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அந்தம்மா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முதலில் இல்லை என்ற செய்தியையும், பிறகு சரி என்ற செய்தியையும், அதே வரிசையில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். திரையில் தங்கை தலையைத் தலையை ஆட்டினாள். நன்றி சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சட்டென்று தமிழுக்கு மாறினாள்.

“அண்ணி, அவங்க தல சொட்டச் சொட்ட ஈரமா கீது பாரு. தொவட்டி உடு. அவங்களுக்கு சளி புடிச்சா லேசுல போவாது.”

அந்தம்மா என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி அவர் பின்னால் போய் மண்டியிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து அழுத்தித் துவட்ட ஆரம்பித்திருந்தாள்.